மருந்து தடவின கம்பி

"சிஸ்டர், கம்பியில மருந்து தடவித்தானே போடுதீய? அப்ப எலும்பு சீக்கிரம் கூடிரும்லா?"

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அந்த அண்ணன் கேட்டார். லோடு ஆட்டோ ஓட்டுபவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த அடி. கம்பி போட்டு நாலாம் மாதம் சீழ் வைத்துவிட்டது. நான் "ம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த "ம்" இன்னும் உறுத்துகிறது.

பதினோரு வருடமாக எலும்பு தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். கம்பெனியிலேயே ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பூசி வரும் கம்பி ஐரோப்பாவில் 2005 வாக்கிலேயே வந்துவிட்டது. நாங்களோ தியேட்டரிலேயே செய்துகொள்கிறோம்.

செய்முறை ஏறக்குறைய சமையல்தான். எலும்பு ஆபரேஷனுக்கென்றே வரும் போன் சிமெண்ட் பவுடர் 40 கிராமைக் கிண்ணத்தில் கொட்டி, வான்கோமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியைக் கட்டியில்லாமல் பொடித்துக் கலக்க வேண்டும். எங்கள் சார் 4 கிராம் கேட்பார். அப்புறம்தான் திரவம். ஊற்றியதும் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறும். அச்சுக்கு நெஞ்சில் நீர் எடுக்கப் போடும் ஐசிடி குழாய். அதன் நம்பரை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். உள்ளே லிக்விட் பாரஃபின் ஓட்டி, சிமெண்ட் தளதளவென்று இருக்கும்போதே அடைத்து, நடுவில் மெல்லிய கம்பியைச் செருக வேண்டும். கொஞ்ச நேரத்தில் குழாய் கொதிக்க ஆரம்பிக்கும்; கிளவுஸ் போட்ட கையே பொறுக்காது. அந்தச் சூட்டில் கெடாத மருந்துதான் இதற்கு ஆகும். 1970-ல் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ் என்ற டாக்டர் சிமெண்ட்டில் ஜென்டாமைசினைக் கலந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இறுகியதும் பிளேடால் குழாயை நெடுக்கக் கீறி, முருங்கைக்காய்த் தோல் மாதிரி உரித்துவிடலாம்.

இவ்வளவு பாடும் எதற்கு? உடம்புக்குள் போகும் எந்த இரும்பும் பஸ்ஸில் காலி சீட் மாதிரி. யார் முதலில் துண்டு போடுகிறார்களோ அவர்களுக்கு. கிரிஸ்டினா என்ற டாக்டர் 1987-ல் இதையே ஓட்டப்பந்தயம் என்று எழுதினார்: ஒரு பக்கம் நம் செல், மறுபக்கம் கிருமி. கிருமி முந்தினால் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு நரம்பில் எத்தனை ஊசி போட்டாலும் அசையாது. அதனால்தான் மருந்தைக் கம்பி மேலேயே வைக்கிறோம். ரத்தத்தில் ஏற்றினால் கிட்னி தாங்காத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் கசியும். முதல் சில நாள் வேகமாக, அப்புறம் சொட்டுச் சொட்டாக.

ஆனால் எலும்பு கூடுவது வேறு கதை. மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர எலும்பை வளர்க்காது. அளவு மீறினால் எலும்பு கட்டும் செல்லையே முடக்கும். 1996-ல் வந்த ஓர் ஆய்வகச் சோதனையில், ஒரு மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் வரை வான்கோமைசின் அந்த செல்களை அவ்வளவாகத் தொடவில்லை. 10,000-ல் செத்துப்போயின. செஃபசோலின் என்ற வேறொரு கிருமிக்கொல்லிக்கோ 200-லேயே செல் பெருகுவது குறைந்துவிட்டது. "இன்னொரு குப்பி மருந்து சேர்த்துப் போடுங்களேன்" என்று அட்டெண்டர் கேட்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். தவிர, கூட்டிப் போட்டால் சிமெண்ட்டும் பொரபொரத்துவிடும்.

நாங்கள் செய்யும் கம்பி மெலிசு வேறு, எலும்பை இறுக்கிப் பிடிக்காது. ஆட்டம் நின்று, ரத்த ஓட்டமும் இருந்தால்தான் எலும்பு கூடும். சிமெண்ட் கரையவும் கரையாது. கிருமி அடங்கியதும் உருவி எடுத்தே ஆக வேண்டும்.

அந்த அண்ணனுக்கும் எட்டாவது வாரம் எடுத்தோம். பாதி வழியில் சிமெண்ட் ஒரு துண்டு உள்ளே கழன்றுகொண்டு, சார் அரைமணி நேரம் தேட வேண்டியதாயிற்று. உள்ளே சீழ் இல்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, தடிமனான புதுக் கம்பி போட்டார்கள்.

மறுநாள் வார்டில் பார்த்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி சிஸ்டர், இந்தக் கம்பியில எவ்வளவு மருந்து?"

"இதுல மருந்தே கிடையாதுண்ணே. வெறும் கம்பி."

அவர் முகம் விழுந்துவிட்டது.