அப்பாவின் ரப்பர் செருப்பு

நேற்று அப்பாவோடு நகைக்கடைக்குப் போனேன். வேட்டி, ரப்பர் செருப்பு, கையில் மஞ்சப்பை. விற்பனைப் பையனின் கண் முதலில் செருப்பில்தான் போய் நின்றது. என்ன வேண்டும் என்றுகூடக் கேட்காமல் வெள்ளிப் பக்கம் கை காட்டினான். தங்கைக்கு ஒன்றரைப் பவுனில் வளையல் எடுக்கச் சேர்த்த பணம் அந்த மஞ்சப்பைக்குள்தான் இருந்தது.

2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். ஆனால் உள்ளே விட்டபிறகு பார்க்கிற பார்வையை என்ன செய்வது?

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "உன் ஷூவைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமோப்பா?"