2லும் 4லும்

நவம்பர் 19
ஜாஸ் பயிற்சிக்காக, காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்குள் இருந்த தலையணையை உருவியாச்சு. 22 இஞ்ச். தலையணை இருந்தால் 'தொப்'. ராக்குக்குப் போதும், ஜாஸில் டபுள் பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பக்கத்தில் சேராது. இரண்டு பக்கத் தோலையும் ஏற்றினதும் 'தூம்' என்று இழுக்கிறது. முன் தோலில் மைக் ஓட்டை. ஓட்டையில்லாத தோல் தேடணும்.

நவம்பர் 20
மழை. ஹைஹாட்டில் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தாளம்) நாலு அடிக்கு 2, 4. 2, 4.

நவம்பர் 22
ரைடு சிம்பலுக்கு (வலது கை தட்டும் பெரிய தட்டு) நாலு தகிட, அடிக்கு ஒன்று. முதலிலும் மூன்றிலும் 'த' மட்டும். இரண்டிலும் நான்கிலும் 'த'வும் 'ட'வும். 'கி' எப்போதும் மௌனம். நிமிஷத்துக்கு 100 அடி வேகத்தில் சுகமாக ஓடும். 240ல் இதையே பிடித்துத் தொங்கினால் நொண்டும். வேகம் ஏற ஏற 'ட' சற்று முன்பே விழுந்து, கிட்டத்தட்ட சமபங்காகணும். பேஸ் டிரம் நாலு அடியும் உண்டு, ஆனால் பீட்டர் (மிதியின் சுத்தி) தோலை விட்டு இரண்டு விரற்கடைக்கு மேல் எழும்பக் கூடாது. அது தனியாகக் கேட்கக் கூடாது, ஆனால் நிறுத்தினால் குறை தெரியணும்.

மேல்வீட்டு அக்கா: "ஏன் தம்பி, சத்தமே காணோம், உடம்பு சரியில்லையா?" அப்படியானால் அளவு சரி.

நவம்பர் 25
பிரஷ், குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம். சொரசொரப்பான கோட்டட் தோல் இல்லாமல் அந்த 'ஸ்ஸ்' வராது. இடது கை வட்டத்தைத் தூக்கவே கூடாது. அது வலப்பக்கம் வரும்போது வலது கை இடப்பக்கம் இருக்கணும், தப்பினால் கம்பிகள் சிக்கும். புதுச்சேரி வைத்திக்குப்பத்து உப்புக்காற்றில் கம்பி பழுத்துவிட்டது. துரு கோட்டிங்கைச் சுரண்டும். துடைத்து, உள்ளே இழுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். தையல் மெஷின் எண்ணெய் தோலை இறுக்கும் லக் திருகுக்கு மட்டும், ஒரு சொட்டு.

டபுள் பேஸ் வாசிக்கும் அண்ணனிடமிருந்து போன் இல்லை.

நவம்பர் 26
ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸின் வலது கை. ஸ்டோன்ஸில் ஸ்னேர் (அடியில் கம்பி பூட்டிய சின்ன டிரம்) விழும்போது ஹைஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார். 2லும் 4லும் ஹைஹாட் காலி. ஜாஸிலோ அந்த 2, 4தான் ஹைஹாட்டின் வீடு, கால் மிதிக்கும். கை காலி செய்த இடத்தில் கால் குடியேறுகிறது.

ராக்கிலிருந்து ஜாஸுக்குப் போனவர் என்கிறார்கள். தலைகீழ். ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கர் பற்றிய அவர் படப்புத்தகம் அறுபதுகளின் நடுவிலேயே அச்சானது. 1986ல் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் பதிவான ஆர்க்கெஸ்ட்ராவில் அவரோடு சேர்த்து மூன்று டிரம்மர். தன் பேரில் கூட்டிய சபையில் இன்னும் இருவருக்கு நாற்காலி! எந்த ராக் டிரம்மர் கொடுப்பான்?

நவம்பர் 29
240. மூன்றாவது நிமிஷத்தில் ஹைஹாட் கால் 1, 3க்கு நழுவியது.

நவம்பர் 30
நழுவுவது காலால் இல்லை. இடது கை ஸ்னேரில் இடையில் பேசும்போது கால் அதைக் கேட்கப் போய்விடுகிறது. ஸ்னேரை நிறுத்தினால் சரி. மறுபடி சேர்த்தால் போச்சு. 120க்கு இறக்கியாச்சு.

டிசம்பர் 1
அண்ணன் போன். சேர்ந்து வாசிப்பது ஞாயிறு இல்லையாம், சனியாம். முன் தோலில் ஓட்டை அப்படியே இருக்கு.