பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா அண்ணாச்சி?

திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையில் அதிகம் போவது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பிரஷர் மாத்திரையும் வலி மாத்திரையும். முதலாவதை எங்கள் ஊர்க்காரர்கள் பயந்து பயந்து வாங்குகிறார்கள். இரண்டாவதைக் கடலை மிட்டாய் போல வாங்கிப் போகிறார்கள். பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் வந்தார். “பிரஷர் மாத்திரை வாங்கி ரொம்ப நாளாகிவிட்டதே ஆச்சி?” என்று கேட்டேன். “அது கிட்னிக்கு ஆகாதென்று மருமகன் சொல்லிவிட்டாரய்யா. இடுப்பு வலிக்கு மட்டும் இரண்டு கொடு” என்றார். கிட்னிக்கு எது ஆகாது என்று அவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

மருமகனையும் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு சும்மா முளைத்ததல்ல. ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் யாரைப் பார்த்தாலும், அநேகமாக அவர் பல வருடம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவராக இருப்பார். பார்க்கிறவர்கள் கணக்கில் மாத்திரை முதலில், கிட்னி அடுத்து. அந்த மாத்திரைக்கும் முன்னால், அளந்தே பார்க்காமல் வருடக்கணக்காக ஏறிக்கிடந்த பிரஷர் யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னொன்று, எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு எழுதப்படும் ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். கால் வீங்கினால் கிட்னி போய்விட்டது என்று முடிவு கட்டி, டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வீக்கம் மருந்தின் பக்கவிளைவு. சிறுநீரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

பிரஷர் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றிலும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாகக் கிடக்கும். இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சின்ன உறுப்புகளுக்குப் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிந்து, அதில் கிட்டத்தட்ட எல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறுகிறது. அழுத்தம் கூடிய இரத்தம் வருடக்கணக்கில் பாய்ந்தால் குழாய்ச் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும், முடிச்சு தழும்பாகும். தழும்பானது மறுபடி வடிகட்டியாகாது. மிச்சமிருப்பவை அதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதால், அவற்றுக்குள் அழுத்தம் இன்னும் ஏறி, அவையும் சீக்கிரம் கெடுகின்றன.

இதோடு முடிந்தாலாவது பரவாயில்லை. பிரஷரை ஏற்றிவிடுவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. தனக்கு வரும் இரத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். தன் குழாய் குறுகியதால் வந்த குறைவா, உடம்பிலேயே இரத்தம் குறைந்துவிட்டதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரெனினைத் தொடர்ந்து ஆஞ்சியோடென்சின் உண்டாகி உடம்பெங்கும் குழாய்களை இறுக்கும். உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கவும் வழி செய்யும். பிரஷர் ஏறும். ஏறிய பிரஷர் மீண்டும் அந்த வடிகட்டிகளிலேயே போய் இறங்கும். பிரஷரால் கிட்னி கெட்டதா, கிட்னி கெட்டதால் பிரஷர் வந்ததா என்று சிலரிடம் டாக்டர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

இந்தச் சங்கதி புதிதும் அல்ல. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர் இருந்தார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். புரதம் கலந்திருந்தால் அது வெள்ளையாகத் திரண்டுவிடும். அப்படிப்பட்டவர்கள் இறந்தபின் சோதித்தால் சிறுநீரகம் கெட்டிருப்பதோடு பலருக்கு இதயமும் பருத்திருப்பதை 1836-இல் எழுதிவைத்தார். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும் கருவி வர அதற்குப்பின் அறுபது வருடம் ஆனது. 1898-இல் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முயலின் சிறுநீரகச் சாற்றில் ரெனினைக் கண்டார்கள். 1934-இல் கோல்ட்பிளாட் என்ற டாக்டர் நாயின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி, பிரஷர் ஏறுவதைக் காட்டினார்.

எனக்குப் பிடித்தது மருந்து வந்த வழி. பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன் பாம்பு. அதன் விஷத்தில் இருந்த பொருள்களை ஆராய்ந்துதான், ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் கேப்டோபிரில் என்ற மாத்திரையைச் செய்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதற்குத் தம்பிமார். எங்கள் வயல்களில் கிடக்கும் கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் செயலிழந்து போவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே விரியன் குடும்பத்துப் பாம்பு ஒன்று சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைக்கு வழிகாட்டியிருக்கிறது.

காக்கும் என்று சும்மா சொல்லவில்லை. ராமிப்ரில் வகையும், டெல்மிசார்டன், லோசார்டன் வகையும் உடம்பின் பிரஷரோடு அந்த வடிகட்டி முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கின்றன. சிறுநீரில் புரதம் கசிவது குறைகிறது. ஆனால் உள்ளழுத்தம் குறைவதால், தொடங்கிய சில வாரத்தில் இரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, கொஞ்சம் ஏறலாம். முப்பது சதவீதம் வரை ஏறினாலும் பொதுவாக டாக்டர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை. அந்தச் சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் டீக்கடையில் காட்டினால் என்ன ஆகும்? ‘பார்த்தாயா, மாத்திரை கிட்னியைத் தின்கிறது.’ வதந்தியின் ஆணிவேர் இது என்பது என் எண்ணம். எச்சரிக்கை வேண்டிய இடங்களும் உண்டுதான். கர்ப்பிணிகளுக்கு இந்த வகை ஆகாது. இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியவர்களுக்கு ஆபத்து. வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போனால் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பொட்டாசியம் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் கவனிக்கத்தான் டாக்டர் மறுபடி வரச் சொல்லித் தேதி போடுகிறார். அந்தத் தேதியில் நம் ஆட்கள் போவதில்லை.

இனி வலி மாத்திரைக்கு வருகிறேன். பீடி சுற்றுகிற பெண்கள் தட்டை மடியில் வைத்துக் காலையில் குனிந்தால் பொழுது சாயும்வரை குனிந்தபடிதான். கழுத்து, தோள், இடுப்பு என்று எது வலிக்காது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; வலிக்கிறதென்று படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அவர்களிடம் ஓய்வெடுங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போடுவது என்ன செய்யும் என்பதையாவது சொல்லித்தான் தீர வேண்டும். சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயைத் திறந்துவைக்கும் பொருள்களை அது தடுத்துவிடுகிறது. உப்பைப் பிடித்துவைத்துப் பிரஷரை ஏற்றுகிறது. பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கிறது. ராமிப்ரில் வகை, நீர் பிரியும் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போனால், அதுவும் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பு என்றால், சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடக்கூடும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று சொல்லி வசவு வாங்கியிருக்கிறேன். வேறெங்கோ கிடைத்துவிடுகிறது. அளவோடு போடும் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு இதைவிட எவ்வளவோ மேல்; ‘அது காய்ச்சல் மாத்திரை அல்லவா’ என்று ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

உப்பைப் பற்றி அதிகம் பேசினால் எங்கள் ஜில்லாவில் பகைதான் மிஞ்சும். பக்கத்தில் தூத்துக்குடி உப்பளம், ஆற்றோரம் கல்லிடைக்குறிச்சி அப்பளம், கடற்கரைக் கருவாடு, பழைய சோற்றுக்கு மோர் மிளகாய். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குள். ஒரு தேக்கரண்டிக்குக் கீழே. இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. தளர்ந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு; கிட்னிக்கு நல்லதென்று அவர்களுக்கு அதை வாங்கி ஊற்றும் பாசக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வலிக்கிற நோயாக இருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சிறுநீரகம் தேய்வது வலிக்காது. சிறுநீரும் வழக்கம்போல நன்றாகவே போகும். கிரியாட்டினின்கூடப் பாதி வேலை போகிறவரை சரியான அளவில் நின்று ஏமாற்றும். முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். பிரைட் கரண்டியில் பார்த்ததை இப்போது லேபில் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் என்று அளக்கிறார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்ற கணக்கில் முப்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. முப்பதிலிருந்து முந்நூறு வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல் நாளிலும், மாதவிலக்கு நாளிலும், வயலில் கடுமையாக வேலை செய்த மறுநாளும் கொடுக்க வேண்டாம். தப்பாகக் கூட்டிக் காட்டும். காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. பிரஷரோ சர்க்கரையோ இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது இதையும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் சொல்லி நூற்றுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைப்பவர்களுக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீடு தேடி இலவசமாக வருகிறது. அதை வாங்கிச் சாப்பிடுங்கள், என் கடைக்கு வர வேண்டாம். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளோடு, என்னென்ன வலி மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எந்த எண் எது என்று புரியவில்லை என்றால் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அதை எழுதிய டாக்டரிடம் கேளுங்கள்.