கச்சானும் நாலு அங்குலக் கேக்கும்

ஜூலை 5, 2025, சனி

கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. மேற்கே மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு நம் பக்கம் இறங்குகிற காற்று. மட்டக்களப்புக் கல்லடியில் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் மத்தியானம் குசினிக்குள் நிற்க முடியவில்லை. பட்டர் 32 பாகை செல்சியஸுக்கும் 35 பாகைக்கும் இடையில் உருகிவிடும். பன்னிரண்டு மணிக்கு நம் குசினி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் ஓடருக்குச் செய்யும் நாலு அங்குலப் பென்டோ கேக்குகளை வேகவைப்பது எந்த நேரமும் நடக்கும். ஐசிங் வேலை மட்டும் இரவு ஒன்பதுக்குப் பிறகு, இல்லாவிட்டால் விடியப்புறம் நாலு மணிக்கு. அம்மாவுக்கு இது பிடிப்பதில்லை. "நடுச்சாமத்தில பீட்டர் மெஷின் சத்தம் கேட்டா அக்கம்பக்கம் என்ன நினைக்கும் புள்ள" என்கிறார். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள், அவர்கள் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

கிறீமில் மாரிக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் சுவிஸ் மெரிங் பட்டர்கிறீம். முட்டை வெள்ளையையும் சீனியையும் கொதிநீருக்கு மேல் வைத்து 71 பாகை வரை சூடேற்றி, நுரை கெட்டியாகும் வரை அடித்து, ஆறியதும் பட்டரைத் துண்டு துண்டாகப் போடுவது. இனிப்பு அளவாக இருக்கும், வழவழவென்று பூசவரும். ஆனால் அதை நிமிர்த்தி வைத்திருப்பது பட்டர்தான், பட்டர் சாய்ந்தால் எல்லாம் சாயும். அதனால் இப்போது பாதி பட்டர், பாதி ஷோர்ட்னிங் என்கிற கெட்டிக் கொழுப்பு, அதற்கேற்ற ஐசிங் சீனி. ஷோர்ட்னிங் 40 பாகை தாண்டித்தான் உருகும். அண்ணத்தில் கொஞ்சம் மெழுகு மாதிரி ஒட்டும், ஒரு சிட்டிகை உப்பும் சில துளி தேசிக்காய்ப்புளியும் சேர்த்தால் அது அடங்கும். ருசியில் இரண்டாம் தரம்தான். ஆனால் காத்தான்குடி வரை உருகாமல் போய்ச் சேரும்.

சிலர் ஷோர்ட்னிங்குக்குப் பதிலாக பாணுக்குப் பூசும் மாஜரினைப் போடுகிறார்கள். அதில் தண்ணீர்ப் பங்கு கூட, இந்தச் சூட்டில் கசியும். வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

மச்சாள் வந்திருந்தாள். மேசையில் இருந்த கேக்கைப் பார்த்துவிட்டு, "உள்ளங்கை அளவு கேக்குக்கு ஆயிரத்தைந்நூறா? என்னகா அநியாயம்!" என்றாள். எல்லாரும் கேட்பதுதான். இதற்கு வாயால் பதில் சொல்லிச் சலித்துப்போய், கணக்கை ஒருமுறை எழுதியே வைக்கிறேன்.

பென்டோ கேக் நாலு அங்குல விட்டம். வழக்கமான பிறந்தநாள் கேக் எட்டு அங்குலம். உயரம் ஒன்றென்று வைத்துக்கொண்டால், சின்னதுக்குப் பெரியதில் நாலில் ஒரு பங்கு மா போதும். விலையும் நாலில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எல்லாரும் நினைப்பது இதனால்தான். ஆனால் சுற்றுப்பக்கத்தைப் பாருங்கள். நாலு அங்குலத்தின் சுற்றளவு எட்டு அங்குலத்தில் சரியாகப் பாதி. பக்கத்துக்குப் பூசும் கிறீமும் பாதி, விளிம்பில் பிழியும் சிப்பி வடிவ வரிசையும் பாதி. ஒரு பெரிய கேக்கின் மாவில் நாலு சின்னக் கேக் போடலாம், ஆனால் நாலுக்கும் சேர்த்துப் பக்கக் கிறீம் இரண்டு மடங்கு, விளிம்பு வேலை இரண்டு மடங்கு. பெட்டி நாலு, எழுத்து நாலு, கொண்டுபோய்க் கொடுப்பதும் நாலு வீட்டுக்கு. "அந்த ரோஸ் நிறமில்லை, மற்ற ரோஸ்" என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளும் நாலு பேரிடமிருந்து. அவை கேக்கின் அளவுக்குத் தக்கபடி சுருங்குவதில்லை.

கழிவும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித் தட்டில் வேகவைத்தால் ஓரம் காய்ந்து நடுவில் குமிழும். அதனால் 9க்கு 13 அங்குலத் தட்டில் மெல்லிய பாளமாக வேகவைத்து, நாலு அங்குல வளையத்தால் வெட்டி எடுக்கிறேன். ஒரு பாளத்தில் ஆறு வட்டம் வரும், மூன்று அடுக்கு வைத்தால் இரண்டு கேக். வெட்டியது போகப் பாளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூலையும் ஓரமுமாக மிஞ்சும். அதைத் தம்பியும் அவன் கூட்டாளிகளும் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மா சில நாள் கஸ்டர்ட் ஊற்றிப் புடிங் ஆக்குவார். ஆனாலும் அது காசு.

மச்சாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, எனக்கு ஆயிரத்து இருநூறுக்குத் தா" என்றாள்.

ஜூலை 12, சனி

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. வாட்ஸ்அப் ஓயவில்லை. இந்த ஊரில் காதலர் தினத்தை விடப் பெறுபேற்று நாளுக்குத்தான் பென்டோ கேக் கூடப் போகிறது. 9ஏ (ஒன்பது பாடத்திலும் ஏ) எடுத்த பிள்ளைக்கு ஒரு கேக். அந்தப் பிள்ளைக்குக் கணிதம் படிப்பித்த சேருக்கு ஒரு கேக். 9ஏ வராத பிள்ளைக்குப் பெரியம்மா எடுத்த கேக்கில், அடுத்து வரும் உயர்தரப் பரீட்சையை நினைத்து எழுதச் சொன்னது: "ஏ எல்லில பாத்துக்குவம்". இன்று எழுதியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

தென்கொரியாவில் சோல் நகரத்து கஃபேக்களில் தொடங்கி, 2020, 2021 அளவில் இன்ஸ்டகிராமில் உலகம் முழுக்கப் பரவிய கேக் இது. வெளிறிய ஒற்றை நிறம், நடுவில் ஒரு வரி, பேர்கர் பெட்டி, ஒரு மரக்கரண்டி, அவ்வளவுதான். கொரிய எழுத்து கட்டம் கட்டமாக அடங்கும், ஆங்கில எழுத்தை ஒரே இழுப்பில் கோர்த்து எழுதலாம். தமிழுக்கு இரண்டும் சரிவராது. விளிம்பு வரிசை போக எழுதக் கிடைப்பது மூன்று அங்குலத்துக்கும் குறைவான வட்டம், அதற்குள் "வாழ்த்துகள்" என்று எழுதவேண்டும். மேலே புள்ளி, கீழே 'து'வின் வால், பக்கத்தில் 'ழ்'. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் ஒன்றோடொன்று முட்டும்.

நான் எழுதுவது இப்படி. கேக் பிரிட்ஜில் இருந்து வந்ததும் மேற்பரப்பு கெட்டியாக இருக்கும். பல்குத்தும் குச்சியால் முதலில் இலேசாகக் கீறிக்கொள்வேன். எழுதும் கிறீமில் மட்டும் சில துளி பால் கலந்து இளக்கி, 2ஆம் இலக்க நொசிலில் போடுவேன். நொசில் கேக்கைத் தொடக்கூடாது. அரை அங்குலம் மேலே பிடித்து, இறங்கும் நூலைச் சும்மா படுக்கவிட வேண்டும். 'ழ'வின் சுழியில் கையைத் திருப்பாமல் கேக்கைத் திருப்பினால் சுழி வட்டமாக வரும். புள்ளிகள் எல்லாம் கடைசியில், ஒரே நிதானத்தில். புள்ளி வைத்து எடுக்கும்போது நுனி கூர்ந்து நின்றால், விரலில் சோளமாத் தொட்டு ஒரு தட்டு.

'ஞ' இருந்தால் மட்டும் நூறு ரூபாய் கூட வாங்கலாமா என்று யோசிக்கிறேன். "செல்லக் குஞ்சு" எழுதாத வாரம் கிடையாது.

ஜூலை 13, ஞாயிறு

பெட்டி தீர்ந்துபோய் டவுனுக்குப் போனேன். கரும்புச் சக்கையில் செய்த மூடியுள்ள பெட்டி, ஆறு அங்குலச் சதுரம். ரெஜிபோம் என்கிற நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி 2017இல் தடையானது, பிளாஸ்டிக் கரண்டி முள்ளுக்கரண்டி 2023 ஒக்டோபரில் தடையானது. அதனால் நமக்கும் சக்கைப் பெட்டி, மரக்கரண்டி. படத்துக்கும் அதுதான் அழகு. மூடி கேக்கில் படாமல் இருக்க, கேக்கை இரண்டு அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

காத்தான்குடியில் இருந்து ஒரு முஸ்லிம் ராத்தா. வாப்பாவுக்கு அறுபது வயதாம், ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு பென்டோ கொடுக்கப் போகிறார்களாம். ஐந்தையும் சேர்த்து வைத்தால் ஒரு வசனம் வரவேண்டும். நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

ஓடர் கொடுக்குமுன் ஹலாலா என்று அறிய அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் இந்தத் தொழிலில் இருந்தவர் போல. வனிலா எசன்ஸில் அல்ககோல் உண்டா? மேலே தூவும் மணிகளில் ஜெலட்டின் எதில் எடுத்தது? சிவப்பு எதில் இருந்து வருகிறது? டப்பாக்களை எல்லாம் மேசையில் பரப்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். ஈ120 (E120, உணவில் சேர்க்கும் பொருளுக்கு இடும் எண்) என்று இருந்தால் அது கார்மைன், கொச்சினீல் என்கிற பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு. மணிகளின் பளபளப்புக்கு ஈ904, அதுவும் அரக்குப் பூச்சி தருவது. என்னிடம் இருந்த வெள்ளி மணிகளில் இது இருந்தது, ஒதுக்கி வைத்துவிட்டேன். வனிலாவுக்குப் பவுடர். சிவப்பே வேண்டாம், கடல்பச்சை போதும் என்று முடிவானது.

பூச்சி விஷயம் தெரிந்தபிறகு நம் சைவக்காரருக்கும் இதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். விரதம் பிடிக்கிறவர்கள் முட்டை உண்டா என்று மட்டும்தான் கேட்கிறார்கள், மணியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இனி டப்பாவில் ஈ எண் பார்க்காமல் நிறம் வாங்குவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து கேக்கும் போய்ச் சேர்ந்து, படம் வந்தது. வாப்பா கேக்கைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பின்னேரம் பறங்கிச் சமூகத்து ஆன்ட்டி ஒருவரைப் பார்க்கப் போனேன். பழைய நாளில் கல்யாண வீடுகளுக்கு அடுக்குக் கேக் செய்தவர். என் போனில் இருந்த 'விண்டேஜ்' பென்டோ படங்களைக் காட்டினேன், சுருக்கு வைத்த பாவாடை மாதிரி விளிம்பில் வரிசை மேல் வரிசையாகக் கிறீம் வைத்தது. "இது லாம்பெத் வேலை எல்லோ" என்று சிரித்தார். ஜோசப் லாம்பெத் என்பவர் பரப்பிய முறை அது, 1930களில் பேர்பெற்றது. ஒரு வரிசை காய்ந்தபிறகு அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னும் மெல்லியது. ஆன்ட்டி அதை ரோயல் ஐசிங்கில் செய்வாராம், முட்டை வெள்ளையும் ஐசிங் சீனியும் மட்டும். கொழுப்பே இல்லாததால் உருகுவதற்கு ஒன்றும் இல்லை, கல்லாகக் காய்ந்து நிற்கும். "அப்ப ஆரிட்ட பிரிட்ஜ் இருந்தது?" என்றார்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கடிக்கிற ஐசிங் பிடிக்காது, கிறீம் வாயில் கரையவேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் கேக் பத்து நிமிடம் பிரிட்ஜுக்குள் போய்வர வேண்டும். சுருக்கை எப்படிக் கொண்டுவருவது என்று ஆன்ட்டி வெறும் பையில் கையை ஆட்டிக் காட்டினார்: பிழிகிற அழுத்தம் மாறக்கூடாது, மணிக்கட்டு மட்டும் மேலும் கீழும். எழுபது வயதுக் கை, ஒரு நடுக்கம் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அம்மா விடியவே தம்பியோடு போய்விட்டார், அப்பாவுக்குப் பிதிர்க்கடன். இன்று ஊரில் ஒரு வீட்டிலும் மீன் இறைச்சி (மச்சம்) இல்லை, முட்டையும் மச்சக் கணக்குத்தான், ஆகவே ஓடரும் இல்லை.

கிடைத்த நேரத்தில் நாளைக்கு வேண்டிய முட்டையில்லாக் கேக். இதற்கு நம் எருமைத் தயிரை விட நல்லது கிடையாது. சட்டியின் மேல் ஏட்டை எடுத்துவிட்டு ஒரு கப் தயிர், அதில் முக்கால் கப் சீனியைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுக் கிண்டாமல் ஐந்து நிமிடம் விடவேண்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு கிளம்பும். முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் கண்கள், பிறகு முழுவதும் பொங்கிக் கோப்பையின் வாய்வரை வரும். அரைக் கப் தேங்காய் எண்ணெய், வாசம் குறைந்தது. அப்புறம் ஒன்றரைக் கப் கோதுமை மா, அரித்தது. கட்டி உடைந்தால் போதும், அதற்குமேல் கலக்கினால் ரப்பராகும். உடனே தட்டில் ஊற்றி 180 பாகையில் வைக்கவேண்டும், காத்திருந்தால் வாயு போய்விடும்.

முட்டைக் கேக்கை விட ஈரம் கூட, கொஞ்சம் நொறுங்கும். ஓர் இரவு பிரிட்ஜில் வைத்து வெட்டினால் வட்டம் சுத்தமாக வரும்.

ஜூலை 27, ஞாயிறு

கேட்டவர்களுக்காக: பிரிட்ஜில் இருந்து எடுத்த கேக் வேர்ப்பது காற்றில் உள்ள ஈரத்தால். கச்சான் காற்று காய்ந்தது, அதனால் இப்போது அவ்வளவு இல்லை. மாரியில்தான் தொல்லை. பெட்டியைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்தால் ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக்கில் படியாது. ஆவலில் உடனே திறப்பவர்களுக்கு மருந்து கிடையாது.

வெள்ளை நிறம் கேட்டால்: பட்டரின் மஞ்சளைக் கொல்ல ஊதா ஜெல் ஊசிமுனை அளவு. கூடினால் சாம்பல் நிறமாகிவிடும்.

ஆகஸ்ட் 2, சனி

டோஹாவில் இருந்து ஒரு தம்பி. களுவாஞ்சிகுடியில் இருக்கும் அம்மாவுக்கு நாளைக்குக் கேக். எழுதவேண்டியதை ஐந்து வரியில் அனுப்பியிருந்தார், கவிதை மாதிரி. "தம்பி, இதுக்கு ஒரு மேசையளவு கேக் வேணும்" என்றேன். மூன்று வரி ஆக்கினார், அதுவும் அடங்கவில்லை. கடைசியில், "போன் எடுத்தா அம்மாட்ட முதல்ல என்ன கேப்பீங்க?" என்று கேட்டேன். அதையே எழுதச் சொல்லிவிட்டார்: "அம்மா, சாப்பிட்டீங்களா?"

எழுத்து கறுப்பில் வேண்டுமாம். வெள்ளைக் கிறீமில் கறுப்பு வரவைக்கப் பார்த்தால் நிறத்தைக் கொட்டவேண்டும், நாக்கெல்லாம் கறுக்கும். கொக்கோ போட்டு மண்ணிறமாக்கிவிட்டுக் கறுப்பைச் சேர்த்தால் கொஞ்சத்திலேயே பிடிக்கும், சில மணி நேரத்தில் இன்னும் ஏறும். இப்போதே கலந்து மூடிவைத்துவிட்டேன்.

என் தம்பி மோட்டார் சைக்கிளில் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடவேண்டும், வெயில் ஏறுமுன் போய்ச் சேர. பெட்ரோல் காசையும் சேர்த்துத்தான் விலை சொன்னேன். காசு வங்கிக்கு வந்துவிட்டது. அந்த அம்மா காலையில் வயலுக்குப் போய்விடுவாராம், அதனால் பக்கத்து வீட்டு மாமியின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.