பின்னால் இருப்பது

கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழரிடம் "உங்கட சொந்த ஊர் எது?" என்று கேட்பவர்கள், "கொழும்பு" என்ற பதிலோடு அமைதியடைவதில்லை. "அது சரி, சொந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்பார்கள். அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை என்று சொன்ன பிறகுதான் அவர்களுடைய முகத்தில் ஒரு தெளிவு வரும். நான் 1979இல் வெள்ளவத்தையில் பிறந்தவன். நினைவு தெரிந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனைவாசி. வட்டுக்கோட்டையில் இதுவரை தங்கிய நாட்களை எல்லாம் கூட்டினாலும் நான்கு மாதம் தேறாது. சனி, ஞாயிறு காலைகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு கொச்சிக்கடை, செட்டியார் தெரு, புறக்கோட்டை என்று நான் சுற்றி அலைவதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணமோ என்று அண்மையில்தான் தோன்றியது.

தொழிலால் நான் கணக்காளன். படம் எடுப்பதால் ஒரு சதமும் வந்ததில்லை, போனதுதான் அதிகம். ஆனாலும் கையில் பெரிய கமரா இருந்தால் உறவினர்கள் விடமாட்டார்கள். மைத்துனியின் மகளுடைய சாமத்திய வீட்டில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தான், ஆனா பின்பக்கம் மங்கலா வரேல்லையே" என்று குறைப்பட்டார்கள். குறை நியாயமானதுதான். முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெய் போல உருகிப் போயிருக்கும் படத்தைத்தான் இப்போது நல்ல படம் என்கிறார்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றின் துவாரத்தை எஃப் 1.8 வரை அகலத் திறந்துவிட்டால் அந்த வித்தை தானாக வந்துவிடும். கமரா வாங்கிய புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். கொச்சிக்கடையில் மெழுகுதிரி விற்கும் அம்மா, செட்டியார் தெருவில் கதிரேசன் கோவிலுக்கு அருகில் பூ கட்டும் பெண், காலிமுகத்திடலில் இறால் வடைத் தட்டுடன் நிற்கும் இளைஞன் என எல்லோருக்கும் பின்னால் ஒரே மாதிரியான வண்ணக் குழம்பு. பின்னாளில் அவற்றைத் திரும்பப் பார்த்தபோது எது எந்தத் தெருவில் எடுத்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த வழக்கத்தை மாற்றியது ஒரு பழைய படம். எங்கள் வீட்டில் 1983 ஜூலைக் கலவரத்துக்கு முந்திய படம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்பதை இலங்கைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. வட்டுக்கோட்டையில் இருந்த மாமியின் இரும்புப் பெட்டிக்குள், அப்பா எப்போதோ கடிதத்துடன் வைத்து அனுப்பிய ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் தப்பியிருந்தது. போர் முடிந்து, யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் போய்வரத் தொடங்கிய காலத்தில் மாமி அதை என் கையில் தந்தார். வெள்ளவத்தை வீட்டுப் படலையடியில் அம்மா நிற்கிறார், இடுப்பில் நான். அம்மாவின் முகத்தை நான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன், என் குழந்தை முகத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பார்த்ததெல்லாம் அவர்களுக்குப் பின்னால் இருந்ததைத்தான். பாதியில் வெட்டுண்ட ஒரு கடைப் பெயர்ப்பலகை, அதில் "ஸ்ரோர்ஸ்" என்ற எழுத்து மட்டும் மிச்சம். மதிலில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், அதன் பின்சில்லுக்கு மேலே துணி சுற்றிய ஏதோ பொதி. மதிலுக்கு அப்பால் ஒரு தென்னையின் கீழ்ப்பாதி. அப்பா அவற்றையெல்லாம் எடுக்க நினைத்து எடுக்கவில்லை. அவருடைய எளிய பெட்டிக் கமராவுக்குப் பின்புலத்தைக் கலங்கடிக்கத் தெரியாததால்தான் அவை எனக்குக் கிடைத்தன.

அதற்குப் பிறகு நான் இன்னும் அகலமாகக் காட்டும் 28 மில்லிமீற்றர் லென்ஸுக்கு மாறினேன். துவாரத்தை எஃப் 8 வரை சுருக்கி, நாலைந்து அடி தூரத்திலிருந்து எதிர்க்கடை வரை எல்லாம் தெளிவாக விழும்படி எடுக்கிறேன். காலை ஏழரைக்குப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் நிழலில் கமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 800க்கு உயர்த்தினால் 1/125 விநாடி கிடைக்கும், நடப்பவரை நிறுத்த அது போதும். படத்தில் மணல் தூவியது போலக் கொஞ்சம் புள்ளி விழும், விழட்டும். பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், சுவரொட்டி, மின்கம்பி ஆகியவற்றை முன்பு "இடைஞ்சல்" என்று ஒதுக்குவேன். இப்போது ஆள் நகர்ந்தாலும் அவை உள்ளே வருகின்றனவா என்று பார்த்துத்தான் நிற்கிறேன். கையால் எழுதிய பெயர்ப்பலகைகள் கண்முன்னே குறைந்துகொண்டு வருகின்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே தூரிகையால் எழுதிய ஓவியர்களின் தமிழில் ஒரு "ழ" இருக்கும், வால் நீண்டு அடுத்த எழுத்தைத் தொடும். கணினியில் அச்சடித்த பலகைகளில் அந்த வாலும் இல்லை, பல இடங்களில் "ழ" இருக்க வேண்டிய இடத்தில் "ழ"வும் இல்லை. அரசாங்கப் பலகைகளின் தமிழைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு திசைக்குப் போய்விடும்.

சித்திரை மாதத்தில் மட்டும் நான் நண்பகலிலும் வெளியே போவேன். ஒவ்வோராண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் என்று வானிலை அவதான நிலையம் அறிவிக்கும். கொழும்புக்கு அது 7ஆம் திகதியை ஒட்டி, பகல் 12.12 மணியளவில். அந்த வேளையில் மெயின் வீதியில் நின்றால் மனிதர்களின் நிழல் அவர்களுடைய செருப்புக்குள் போய்விடும், கண்குழிகள் கறுத்து முகங்கள் எல்லாம் கோபக்காரர் முகம் போல் ஆகிவிடும். முகத்தை எடுக்க இதைவிட மோசமான வெளிச்சம் கிடையாது. ஆனால் இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள சிவப்புப் பள்ளிவாசலின் செவ்வெள்ளைக் கோடுகள் ஒவ்வொரு கட்டும் தனித்தனியாக எழுந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். 1909இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தை அதுவரை நூறு முறையாவது எடுத்திருப்பேன், எல்லாம் மாலை வெயிலில்.

மாலை வெயிலுக்குக் காலிமுகத்திடலை விட்டால் வேறிடம் இல்லை என்பதே இந்நகரத்தில் படம் எடுப்போரின் பொதுக் கருத்து, எனக்கும் மறுப்பில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்தக் கடற்கரை நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். அவருடைய மனைவி வரைந்து கொடுத்த மணிக்கூட்டுக் கோபுரம் கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கிறது. 1867 முதல் அது வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் எழுந்து கடலிலிருந்து ஒளி தெரியாமல் போகவே, 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள். 2012இல் நான் திடலின் வட முனையிலிருந்து எடுத்த ஒரு படம் இருக்கிறது. பட்டம் விடும் சிறுவன், அவனுக்குப் பின்னால் கடல், கடலில் வரிசையாக நான்கு கப்பல்கள். அதே இடத்தில், அதே லென்ஸுடன் இன்று நின்றால் துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரின் ஒரு விளிம்புதான் தெரிகிறது. கப்பல்களைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே நடக்க வேண்டும்.

இத்தனை பேசும் நான் போர்க்காலக் கொழும்பை எடுக்கவே இல்லை. சோதனைச் சாவடியில் தமிழன் ஒருவனின் பையிலிருந்து கமரா வெளியே வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால், அப்போது கமராவே வாங்கவில்லை. 2008இல் ஒருமுறை வெள்ளவத்தை நிலையத்தில் கடலோரமாக வந்த புகையிரதத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்ததற்காக இரண்டு மணித்தியாலம் ஒரு வாங்கில் இருக்க வைத்தார்கள். அடையாள அட்டையை நான்கு பேர் மாறி மாறி வாசித்தார்கள். படத்தை அழித்த பிறகு போகச் சொன்னார்கள். மணல் மூட்டைகளும் பீப்பாய்களும் நின்ற கொட்டாஞ்சேனை என் நினைவில் இருக்கிறது, படத்தில் இல்லை.

கமராவைப் பத்திரப்படுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர நகரத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, பூஞ்சணம். ஒக்டோபர், நவம்பர் மாத மழையில் பையை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தேன். ஆறு வாரம் கழித்து எடுத்துத் தொலைபேசி வெளிச்சத்தை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தபோது, கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூலைப் போல, கிளைவிட்டு, கிளையிலிருந்து கிளைவிட்டு ஒரு வெண்மை. அரிசிப் பெட்டிக்குள் வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்து அரிசித் தூசியையும் உள்ளே சேர்த்துக்கொண்டேன். திருத்தக் கொடுத்த இடத்தில் பூஞ்சணத்தைத் துடைத்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்ததால், எதிர்வெயிலில் இன்றும் ஒரு புகைமூட்டம் விழுகிறது. புதியது வாங்கலாம் என்று விலை கேட்டது 2022இல். டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டிருந்த நேரம், கடைக்காரர் சொன்ன விலையை நான் மனைவிக்குச் சொல்லவே இல்லை. இப்போது காற்றுப் புகாத சோற்றுப் பெட்டியொன்றில், ஈரம் குடித்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் சிலிக்கா மணிகளோடு அந்த லென்ஸ் வசிக்கிறது. மணிகள் சிவந்ததும் தாச்சியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். அந்தத் தாச்சியில் சமைக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

படங்களைக் கணினியில் மட்டும் வைத்திருக்காமல் நல்லவற்றைத் தாளில் போட்டு எடுப்பதும் என் வழக்கம். இந்நகரம் தந்த பெரிய புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின. நமக்குக் கிடைப்பவை அவர் தாளில் அச்சிட்டு வைத்த பிரதிகள்தாம். அப்படி அச்சிட்ட பழைய படம் ஒன்றைத்தான் சென்ற மாதம் நான்காம் குறுக்குத் தெருவுக்குக் கொண்டுபோனேன்.

அது 2014இல் எடுத்தது. வெங்காய மூட்டைகள் ஏற்றிய கைவண்டியை ஒரு நாட்டாமை, அதாவது மூட்டை சுமக்கும் தொழிலாளி, இழுத்துக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் பலகைக் கதவுகள் போட்ட மொத்த வியாபாரக் கடை, அதன் மேலே கையால் எழுதிய பெயர்ப்பலகை. அந்தக் கடை இப்போது இல்லை, இரும்பு உருள்கதவோடு மூன்று மாடி நிற்கிறது. நாட்டாமை அதே இடத்தில்தான் இருந்தார், இடுப்பில் அதே மூட்டைக் கொக்கி. பிடித்துப் பிடித்து அதன் வளைவு வெள்ளி போல மின்னியது. பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். "ஐயாவுக்கு எந்த ஊர்?" என்றேன்.

"கொழும்புதான் தம்பி."

"இல்லை, சொந்த ஊர்?" என்று கேட்டு முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

"அட்டன் பக்கம். பதினாறு வயசுல வந்தேன். நாப்பது வருசமா இந்தத் தெருதான்" என்றவர், படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பின்னால் இருந்த கடையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்? வெங்காயமும் வண்டியுந்தான் தெரியுது. பின்னாடி வேற ஒரே குப்பை. மகளுக்கு அனுப்புற மாதிரி ஒண்ணு எடுத்துத் தாங்க தம்பி, பின்னால தாமரைக் கோபுரம் தெரியணும்."

2019இல் திறந்து வைத்து, 2022இல்தான் பொதுமக்களை மேலே ஏறவிட்ட அந்த 350 மீற்றர்க் கோபுரத்தை என் படங்களுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பல ஆண்டுகளாக நான் படாத பாடில்லை. எந்தத் தெருவில் நின்றாலும் எங்காவது ஒரு மூலையில் தலை நீட்டும். அதைப் படத்தில் போட வேண்டுமென்று ஒருவர் கேட்டது இதுவே முதல் தடவை. அடுத்த ஞாயிறு காலை மிதக்கும் சந்தையருகே வந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, சட்டைப்பையில் ஒரு பேனாவும் குத்திக்கொண்டு. 28 மில்லிமீற்றரில் கோபுரம் சின்னதாகத் தெரிந்ததால், கீழே குந்தியிருந்து, ஆளும் தாமரை மொட்டும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும்வரை பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். இன்னும் இரண்டடி போயிருந்தால் வாவிக்குள் விழுந்திருப்பேன். அவர் சிரிக்கவே இல்லை. வண்டி இழுக்கும்போது இருந்ததைவிடக் கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு நேரே பார்த்தார்.

எஃப் 8இல் எல்லாம் தெளிவாக வந்தது. இடது ஓரத்தில், மூன்று மொழியிலும் கையால் விலை எழுதிய அட்டையோடு ஒரு கடலை வண்டியும் விழுந்துவிட்டது. அவருக்குக் கொடுத்த பிரதியில் அதை வெட்டிவிட்டேன். என்னுடையதில் இருக்கிறது.