மூன்று மாத ஒப்பந்தம், ஐந்து முறை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு துணிக்கடையில் துணி அடுக்கும் வேலை எனக்கு. 2023 மார்ச்சில் சேர்ந்தேன். மூன்று மாத ஒப்பந்தம், அது முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம், இப்படியே ஐந்து முறை கையெழுத்து வாங்கினார்கள், வேலையோ முதல் நாள் செய்த அதே வேலை. 2024 மே கடைசியில் "உன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம்" என்றார்கள். மணிக்கணக்குச் சம்பளத்தில் கடை வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் எங்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரச்சினை அதற்கு முன்னாலேயே, 2024 மார்ச்சில் தொடங்கிவிட்டது. ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப்பில் ரோஸ்டர், அதாவது வேலை நேரப் பட்டியல், வரும், திங்கள் காலையில் மாறிவிடும். வாரம் நாற்பது மணி நேரம் பார்த்த எனக்குப் பதினாறு மணி நேரம் ஆனது. சில நாள் கடைக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் "கூட்டம் இல்லை, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ரேண்ட், ஆக அந்த நாளுக்கு 55.16 ரேண்ட்தான் போடுவார்கள். என்னோடு வேலை பார்த்த சிசி (ஜூலு மொழியில் அக்கா) ஒருவர் உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வருகிறவர், போக வர டாக்ஸிக் காசு போனால் அவர் கையில் என்ன மிஞ்சும்?

அது சட்டப்படி தப்பு என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 2019 ஜனவரியிலிருந்து ஒரு விதி இருக்கிறது: வேலைக்கு வந்த நாளில் நாலு மணி நேரத்துக்கும் குறைவாக வேலை கொடுத்து அனுப்பினாலும் நாலு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும், அப்போதைய கணக்கில் 110.32 ரேண்ட். பெரிய சம்பளக்காரர்களுக்கு இது பொருந்தாது, எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்த நாளில் உங்களைக் கூப்பிடவே இல்லை என்றால் இந்த விதி உதவாது. நாற்பதைப் பதினாறாக்கியது எனக்கு அதனால்தான் அதிகமாக வலித்தது.

ஒப்பந்த விஷயம் வேறு. தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 198பி என்று ஒரு பிரிவு, 2015 முதல் நடப்பில் இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் நீங்கள் நிரந்தர ஊழியராகவே கருதப்படுவீர்கள். டிசம்பர் கூட்டத்துக்காக மட்டும் எடுத்தவர்கள், லீவில் போனவருக்குப் பதிலாக வந்தவர்கள் போன்றோருக்கு இது வராது, பத்துப் பேருக்கும் குறைவான சின்னக் கடைகளுக்கும் வராது. எங்கள் கடையில் ஆட்கள் அதைவிட அதிகம், என் வேலையும் வருஷம் முழுக்க இருக்கிற வேலை.

சரி, எங்கே போவது? சிசிஎம்ஏ, தொழிலாளி முதலாளி தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு. பணம் எதுவும் கேட்பதில்லை. நிறுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் 7.11 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் அழுதே கழித்துவிட்டேன், "மேனேஜர் மனசு மாறிக் கூப்பிடுவார்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், கடைசியில் 24-வது நாள்தான் கொடுத்தேன். தயவுசெய்து நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். படிவத்தின் ஒரு நகலை முதலாளிக்கும் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் மின்னஞ்சலில் அனுப்பி அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பள்ளிக்கூட நோட்டு. வந்த நேரம், போன நேரம், யார் அனுப்பினார்கள் என்று தினமும் எழுதி வைத்திருந்தேன். தாத்தா கரும்புத் தோட்டத்தில் இருந்தபோது தன் நாள்கூலியைச் சுவரில் கோடு போட்டு வைப்பாராம், ஆயா சொல்வார், அந்தப் பழக்கம்தான் எனக்கும் வந்திருக்கும். மாறிய ரோஸ்டர்களை எல்லாம் போனில் படம் பிடித்திருந்தேன், ஐந்து ஒப்பந்தத்தையும் வரிசையாகக் கோத்து எடுத்துப் போனேன்.

ஜூலையில் டர்பனில் சமரசப் பேச்சு. அந்தக் கட்டத்தில் வக்கீல்கள் வாதாட வர முடியாது என்பது எனக்குப் பெரிய தைரியம், கடைப் பக்கமிருந்து ஹெச்ஆர் அம்மாவும் மேனேஜரும்தான் வந்தார்கள். சமரசம் பேசிவைக்கிற சிசிஎம்ஏ கமிஷனர் இரு பக்கத்தையும் கேட்டார், அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அங்கே சொன்னதை அப்புறம் நமக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று முதலிலேயே விளக்கிவிட்டார். கடைக்காரர்கள் இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்கள். வீட்டு வாடகை பாக்கி இருந்த நேரம், அந்தப் பணத்தை வாங்கக் கை நீண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் வெளியே நின்று யோசித்துவிட்டு உள்ளே போய், பணம் வேண்டாம், வேலை வேண்டும் என்றேன்.

மதியத்துக்குள் எழுத்தில் முடிந்தது. நிரந்தர வேலை, வாரம் முப்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ரோஸ்டர் ஒரு வாரம் முன்னாலேயே சுவரில் ஒட்ட வேண்டும், குறைத்துப் போட்ட நாட்களுக்கு மீதிக் கூலி. நாற்பது கேட்டேன், கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன், தேதி இல்லாத இடத்தில் தேதி போடச் சொன்னேன்.

அந்த உம்லாசி சிசிக்குக் கூலி பாக்கி இன்னும் வரவில்லை. அவர் வேலையில் இருந்துகொண்டே சிசிஎம்ஏவில் கேட்கலாம், சம்பள பாக்கிக்கும் அங்கே வழி உண்டு. பயந்துகொண்டிருந்தவர் போன வாரம் என் நோட்டை வாங்கிப் போய் அதே மாதிரி கோடு போட ஆரம்பித்திருக்கிறார். படிவம் கொடுக்கும் அன்று நானும் கூடப் போகிறேன்.