கீரி இன்னும் கூவவில்லை

ஜனவரி 18
காலையில் கேட்டில் ஒரு சாக்குப்பை தொங்கியது. உள்ளே சேவல். சேவல்சண்டையில் தோற்றவன், கோச்சை என்பார்கள். வலது கண் வீங்கி மூடியிருக்கிறது, கத்தி கட்டிய தடம் காலில். கறிக்கு விடாமல் இங்கே கொண்டுவந்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். கீரி நிறம். பெயரும் அதுவே.

ஜனவரி 19
மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். பஞ்சாரத்துக்குள் ஒற்றைக் காலில் நிற்கிறான். அண்ணன் போன் பண்ணவில்லை.

ஜனவரி 21
இவனை எங்கே விடுவது? ஏற்கெனவே என்னிடம் இருக்கும் 11 சேவல்களும் பெரும்பாலும் சாயம் பூசி விற்ற குஞ்சுகளாக இருந்தவர்கள். முட்டைக்கோழி இனத்து ஆண்குஞ்சு முட்டையிடாது, சீக்கிரம் சதையும் பிடிக்காது. அதனால் பொரித்ததுமே கழித்துவிடுகிறார்கள். சில குஞ்சுகள் பச்சையும் ரோஸுமாகத் தெருவுக்கு வருகின்றன. வளர்ந்து கூவ ஆரம்பித்ததும் அபார்ட்மென்ட்டில் பிரச்சினை, அப்புறம் என் வாசல்.

அவர்களுக்குள்ளும் சண்டை உண்டு. பிடரி இறகு சிலிர்க்கும், இரண்டு எத்து விழும், ஒருவன் தலையைத் தாழ்த்தி ஓடுவான், முடிந்தது. ஓடுகிறவன் மறையத்தான் ஓலைத் தட்டிகளைக் குறுக்கே வைத்திருக்கிறேன். தீவனமும் நாலு இடத்தில். ஆனால் சண்டைக்கு வளர்க்கிற கட்டுச்சேவலை, எதிராளி ஓடினாலும் விடாதபடி வளர்த்திருப்பார்கள். அது அவன் குற்றமா? கம்பிவலைக்கு அந்தப் பக்கம்தான் அவன் இடம். பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்.

ஜனவரி 24
பக்கத்து வீட்டுப் பெட்டை வேலி தாண்டி வந்துவிட்டது. ஒரே நிமிடம். ஒரு வருஷமாக ஒரே கம்பில் அடைந்த வெள்ளையும் கருப்பனும் கொண்டையைக் கிழித்துக்கொண்டார்கள். பெட்டை இல்லாத கூட்டமாக வைத்திருப்பதே இதற்காகத்தான். ரத்தத்தைக் கண்டால் மற்றவர்களும் கொத்துவார்கள் என்று கருப்பனைத் தனியே வைத்தேன். கை இன்னும் நடுங்குகிறது. கீரி வலை ஓரம் நின்று எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

ஜனவரி 25
இரவில் டார்ச் அடித்து எண்ணினேன். கம்பில் 10.

ஜனவரி 28
விடியலில் முதலில் வெள்ளைதான் கூவ வேண்டும். அவன்தான் மேல். அடுத்து வரிசைப்படி மற்றவர்கள், கடைசியில் குட்டையன். தினமும் படுத்தபடியே கேட்கிறேன். கீரி கூவவில்லை. தொண்டையில் அடிபட்டிருக்குமோ? குருணையை விழுங்குகிறான், தண்ணீர் குடிக்கிறான். தோற்ற சேவல் கூவாது என்கிறார்கள். எத்தனை நாளைக்கு?

ஜனவரி 29
அண்ணன் பேசினார். இந்த இடம் மார்ச் வரைதான். 12 பேரையும் சேர்த்து யார் இடம் தருவார்கள்?

ஜனவரி 31
கருப்பனை வலைக்கு இந்தப் பக்கம் விட்டேன். கீரி எதிரே வந்தான். பிடரி சிலிர்க்கவில்லை. ஒரு கம்புமணியைக் கொத்தி எடுத்தான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான், அடித்தொண்டையில் கொக் கொக் என்றான். பெட்டையைக் கூப்பிடும் குரல் அது. வலைக்கு இருபுறமும் இருவரும் ஒரே இடத்தில் குனிந்து தின்றார்கள். நான் மூச்சே விடவில்லை.

பிப்ரவரி 2
மணி 3.50. வெள்ளைக்கு முன்னால் ஒரு கூவல். கரகரப்பாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன்.